பிடிச்சிருந்தது என்பதற்குக் கட்டமில்லை

பெண்கள் தங்களுக்குப் பிடித்த எந்தத் தொழிலையும் தடையில்லாமல் தேர்ந்தெடுக்க வழி செய்வதற்காக ஏற்படுத்தப்பட்ட வாரியம் ஏழாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை.

லிஃப்ட் ஓடாத கட்டடத்தில், 'நீ லிஃப்ட் ரிப்பேர் பார்க்கலாம்' என்று ஒரு தாளில் எழுதி வாங்குவதற்காக, ஒரு லிஃப்ட் மெக்கானிக் ஏழு மாடி படியேறிய கதை இது. அடையாள அட்டையில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் பதினான்கு வருஷமாக ஊரில் உள்ள அடுக்குமாடிகளில் எல்லாம் அவள் பெயர் லிஃப்டக்கா. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் கத்துவார்கள். அவளைவிட முப்பது வயது மூத்த பெரியவர்கள்கூட இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனால் "லிஃப்டக்கா, லிஃப்டக்கா" என்றுதான் அலறுவார்கள். அந்தரத்தில் நிற்கிறவனுக்கு வயது வித்தியாசம் ஞாபகம் இருப்பதில்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு தடவை புதுப்பித்தாகிவிட்டது. மூன்றாம் தடவை போனபோது புது விதி வந்திருந்தது. மரபுசாராத் தொழில்களில் ஈடுபட்டுள்ள மகளிர், தாங்கள் அத்தொழிலை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு வாரியத்திடம் 'தேர்வுக் காரணச் சான்றிதழ்' பெற்று இணைக்க வேண்டுமாம். காரணம் என்னவென்று வாரியத்துக்குத் தெரிந்துவிட்டால், அதே காரணத்தை மொத்தமாகத் தயாரித்து நாட்டில் உள்ள எல்லாப் பெண்களுக்கும் விநியோகம் செய்துவிடலாம். நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

"மாசக் கடைசிக்குள்ள கொண்டு வந்துடு" என்றார் கம்பெனி சூப்பர்வைசர். "இல்லேன்னா உன்னை சைட்டுக்கு அனுப்ப முடியாது. ஆபீஸ்ல உக்காந்து போன் எடுக்க வேண்டியதுதான்."

"உங்களுக்கெல்லாம் இது கிடையாதா?"

"நாங்க ஆம்பளைங்கம்மா. நாங்க எதுக்கு இந்த வேலைக்கு வந்தோம்னு தெரிஞ்சு யாருக்கு என்ன ஆகப்போகுது? எங்க மச்சான் புடிச்சுத் தள்ளினார், வந்து விழுந்தேன். இதைப் போய் எவன் கேக்கப் போறான்?"

போன் எடுப்பதா? போனில் என்ன இருக்கிறது? கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையின் இரும்புக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் சூடு, எண்ணெய் வாசனை, கம்பிகள் ஓடும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்து லிஃப்ட் வந்து நிற்கும்போது உள்தரையும் வெளித்தரையும் ஒரு மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒரே மட்டமாக இருக்குமே, அந்தக் கணம். அதற்காகத்தான் அவள் பதினான்கு வருஷமாகக் காலையில் எழுந்திருக்கிறாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை, இப்போதுதான் வாரியம் கேட்கிறது.

வாரியக் கட்டடத்தின் தரைத்தளத்தில் லிஃப்டைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. 'பழுதுபார்க்கும் பணி நடைபெறுகிறது. பொறுத்தருள்க' என்ற பலகை இரண்டு வருஷத்துத் தூசியோடு தொங்கியது. கதவு மூடப் போகும், மூன்று விரல் இடைவெளி இருக்கும்போது நிற்கும், கொஞ்சம் யோசிக்கும், திறந்துகொள்ளும். மறுபடி மூடப் போகும். மின்சாரத்தை நிறுத்துவதற்கான கோப்பு மேலே போயிருந்தது, இன்னும் கீழே வரவில்லை. அதனால் இரண்டு வருஷமாக இரவும் பகலும் கதவு இதையே செய்துகொண்டிருந்தது.

லிஃப்டக்கா குனிந்து பார்த்தாள். கதவு நகரும் பள்ளத்தில் ஒரு சோடா மூடி நசுங்கிக் கிடந்தது.

"ஏங்க, ஒரு மூடிதாங்க மாட்டியிருக்கு" என்றாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம். "ஒரு நிமிஷம் கயித்தை விலக்குங்க, எடுத்துப் போட்டுடறேன்."

"லைசென்ஸ் இருக்கா?"

"அதை வாங்கத்தானே மேல போறேன்."

"அப்ப வாங்கிட்டு வாங்க. லைசென்ஸ் இல்லாம யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதான் என்னை இங்க உக்கார வெச்சிருக்காங்க. நான் வேலைக்குச் சேர்ந்ததே இந்த மூடிக்காகத்தாம்மா." அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை.

ஏழாவது மாடியில் எழுத்தரம்மா இருந்தார். ஐம்பது வயசு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மாட்டியிருந்தார். பதினான்கு பக்க விண்ணப்பம் கொடுத்தார். ஒன்பதாம் பக்கம் வரை லிஃப்டக்கா சிரமமில்லாமல் எழுதினாள். ஒன்பதாம் பக்கத்தில், 'இத்தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தங்களைத் தூண்டிய காரணி: ஒரு கட்டத்தில் மட்டும் டிக் செய்க' என்று இருந்தது. கீழே இருபத்திரண்டு கட்டங்கள். தந்தை, தாய், கணவர், கணவரின் உடன்பிறந்தார், ஆசிரியர், ஆசிரியரின் துணைவியார், வறுமை, வசதி, திரைப்படம், காதல் தோல்வி, தவறுதலாக என்று போய், இருபத்திரண்டாவதாக 'வாரியத்தின் விளம்பரம்' என்று முடிந்தது.

"இதுல மற்றவைன்னு ஒண்ணு இல்லையேம்மா?"

"முன்னாடி இருந்துச்சு. எல்லாரும் அதையே டிக் பண்ணிட்டாங்க. அதனால எடுத்துட்டாங்க. உங்களுக்கு என்ன காரணம்?"

"காரணம்னு என்னத்தைச் சொல்ல? புடிச்சிருந்துச்சு."

எழுத்தரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "புடிச்சிருந்துச்சுன்னு எழுத முடியாதும்மா. யாரோ புடிக்க வெச்சிருக்கணும் இல்ல? அது யாரு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். பதினோரு வயதில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோயிற்று. மெக்கானிக் ஒருவர் வந்து கதவைத் திறந்தார். அவள் எட்டிப் பார்த்தாள். லிஃப்ட் மேலே போகிறபோது பின்னால் ஒரு பெரிய இரும்புப் பாரம் கீழே இறங்கியது. எல்லாரும் மேலே போகிறோம் என்று கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருக்கிற நேரத்தில், ஒன்று சத்தமில்லாமல் கீழே வந்துகொண்டிருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவுதான் விஷயம், அதை அப்படியே சொன்னாள்.

"அட, அதான் இருக்கே!" எழுத்தரம்மாவுக்கு முகம் மலர்ந்தது. "அந்த மெக்கானிக்தான் தூண்டினவர். அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"தள்ளிப் போ பாப்பான்னு சொன்னார்."

"வேற எதுவும்?"

"ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாச் சொன்னார்."

எழுத்தரம்மா கையேட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தள்ளிப் போ என்பது தூண்டுதலில் வராது. விண்ணப்பத்தின் மேல் 'காரணமற்ற தேர்வு: ஆலோசகரின் பார்வைக்கு' என்று எழுதினார்.

"உங்களுக்கு என்ன காரணம்னு எழுதினீங்க?" என்று லிஃப்டக்கா கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எனக்கா? எழுத்தர் வேலைக்கெல்லாம் ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்கம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாரி ஓட்டணும்னு இருந்தேன் ஒரு காலத்துல. ஏன் ஓட்டலன்னும் யாரும் கேக்கல."

ஆலோசகர் டை கட்டியவர். உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற குரலில் பேசுவார். அவருடைய அறையில் ஒரு மேஜையின் மேல் ஆறு பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன: ஒரு கரண்டி, ஒரு நூல்கண்டு, ஒரு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கை ஒன்று தொங்கிக்கொண்டிருந்த ஒரு பொம்மை.

"பயப்படாதீங்க. இது பரீட்சை கிடையாது" என்றார். "உங்க ஆழ்மனசுக்கு வெளிய வர ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். எதையும் யோசிக்காம, கை எதுக்குப் போகுதோ அதை எடுங்க. உங்களுக்கு அஞ்சு நிமிஷம்."

லிஃப்டக்கா மேஜையைப் பார்த்தாள். ஸ்பேனரின் வாய் தேய்ந்திருந்தது. எந்த நட்டையும் பிடிக்காது, வழுக்கும். அதை அவள் தொடவில்லை. பொம்மையின் தோளில் இருந்த திருகு கழன்றிருந்தது கண்ணில் பட்டது. கழன்ற திருகைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார அவளால் முடியாது, அது ஒரு வியாதி. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நான்கு சுற்று சுற்றினாள். கை உட்கார்ந்தது. மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். மறு கையும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததால் அதையும் முடுக்கினாள். பொம்மையை மேஜையில் உட்கார வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

ஆலோசகர் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். 'முதலில் பொம்மையை நாடினார். மடியில் இருத்திக்கொண்டார். நான்கு நிமிடம் இருபது நொடி பிரியவில்லை. ஸ்பேனரைக் கண்டதும் முகம் சுளித்தார். தாய்மைச் சார்பு: எண்பத்தொரு விழுக்காடு.'

"சார், நான் ரிப்பேர்தான் பண்ணினேன்."

"அப்படித்தான் தோணும்" என்றார் ஆலோசகர் பரிவோடு. "ஆழ்மனசு செய்யறது மேல்மனசுக்குத் தெரியாதும்மா. நீங்க உள்ளுக்குள்ள ரொம்ப மரபான பெண். ஆனா செய்யறது மரபு மீறின வேலை. அப்படின்னா யாரோ ஒருத்தர் உங்களைப் பலமாத் தள்ளியிருக்காங்க. நீங்க அவங்களைக் காப்பாத்தறீங்க. பரவால்ல, குடும்பத்தைக் கூட்டிட்டு வாங்க. உண்மை வெளிய வந்துடும்."

அந்தப் பொம்மைக்குக் கை போய் மூன்று வருஷம் ஆகிறது, இப்போதுதான் சரியாயிற்று என்று யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் அம்மாவையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசை வைத்திருந்தாள். "ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ஓட வெக்கற, பெத்தவ ஏற ஒரு லிஃப்ட் இல்ல" என்பது மூன்றாவது மாடி. "டீச்சர் வேலைக்குப் படிடின்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்பது ஐந்தாவது. ஏழாவது மாடிக்கு வந்தபோது வசை தீர்ந்து வெறும் மூச்சுதான் வந்தது. கணவர் ஆஸ்பத்திரி கான்டீனில் சமையல்காரர், பேச்சு குறைவு. அவர் கையில் மாமியாருக்காக ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

ஆலோசகர் அம்மாவிடம் ஆரம்பித்தார். "உங்க பொண்ணு இந்த வேலைக்குப் போறதுக்கு நீங்கதானே உற்சாகம் கொடுத்தீங்க?"

"நானா? நல்லா இருக்கே கதை! வேணாம் வேணாம்னு ரெண்டு நாள் சாப்பிடாம படுத்தேன். கேட்டாளா? இவ மட்டும் சாப்பிட்டுட்டுப் போயிட்டா."

"எதிர்ப்பு!" ஆலோசகர் துள்ளினார். "நீங்க எதிர்த்ததாலதான் அவங்க வீம்புக்கு இந்த வேலைக்குப் போனாங்கன்னு வெச்சுக்கலாமா?"

"சீச்சீ! வீம்பெல்லாம் அவளுக்குக் கிடையாது சார். நான் சொன்னதைக் காதுலயே வாங்கல, அவ்வளவுதான்." மகளை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்தப் பெருமிதத்தில் 'வீம்பு' என்ற பதினேழாவது கட்டமும் கை நழுவிப் போயிற்று.

"நீங்க?" என்று கணவரிடம் திரும்பினார்.

"பொண்ணு பாக்கப் போனப்பவே அவ லிஃப்டுக்கு மேலதாங்க இருந்தா. இறங்கி வர்ற வரைக்கும் காத்துட்டிருந்தோம்."

"அப்ப நீங்க தூண்டல. சரி. அனுமதியாவது கொடுத்தீங்களா?"

"அவ கேக்கலையே."

ஆலோசகர் ஒரு தாளை எடுத்தார். "இங்க பாருங்க. உங்க மனைவி யாருடைய அனுமதியும் இல்லாம, முழுச் சுதந்திரமா இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாங்கன்னு எழுதிக் கொடுத்துடலாம். அதுவும் ஒரு வழி. ஆனா அதுக்குக் கணவரோட ஒப்புதல் வேணும். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

கணவர் பேனாவை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மாதம் முடிய ஆறு நாள்தான் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். அவள் யாருடைய அனுமதியும் இல்லாமல் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தாள் என்பது கணவரின் அனுமதியோடு கோப்பில் ஏறியது. அந்தக் கோப்பு, படி இறங்கித் தலைவரின் மேஜைக்குப் போயிற்று.

வாரியத் தலைவரின் அறை தரைத்தளத்தில் இருந்தது. லிஃப்ட் நின்ற மறுநாளே அறையைக் கீழே மாற்றிவிட்டார்கள். அதனால் லிஃப்ட் நின்றுபோனது அவருக்குத் தெரியாது. அந்த வாரம் வாரியத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு. தரைத்தளத்து அரங்கில் கூட்டம் போட்டார்கள், அங்கேயே முடிவு அறிவிக்கப்படும் என்று லிஃப்டக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். முன்வரிசை முழுக்க அதிகாரிகள். பின்வரிசைகளில் பெண்கள்: தட்டில் பிஸ்கட் கொண்டு வந்தவர்கள், நாற்காலி துடைத்தவர்கள், கைதட்டுவதற்காக நர்சிங் பள்ளியிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள்.

தலைவர் பேசினார்.

"சகோதரிகளே! இந்த வாரியத்தைத் தொடங்கியபோது பெண்களால் எந்த வேலையும் செய்ய முடியும் என்று சொன்னோம். இன்று பத்து ஆண்டுகள் கழித்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கொள்கையிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை!" கைதட்டல். "இந்த வாரியத்தில் அறுபத்தெட்டுப் பேர் பணியாற்றுகிறோம். முடிவெடுக்கும் கடினமான பொறுப்பைச் சகோதரிகள் தலையில் சுமத்தக் கூடாது என்பதற்காக அதை நாங்கள் ஒன்பது ஆண்களே சுமந்து வருகிறோம். என் வீட்டையே சொல்கிறேன். என் மகள் விமானம் ஓட்ட வேண்டும் என்றாள். நான் தடுத்தேனா? ஒருநாளும் இல்லை. நீ விரும்பியதைச் செய் அம்மா, மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொள் என்றேன். இன்று அவள் விமானத்தில்தான் போய் வருகிறாள், ஜன்னலோர இருக்கை! என் மனைவி முப்பது ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறார். அதுவும் அவருடைய தேர்வுதான். என்ன காரணம் என்று நான் கேட்டதே இல்லை. அந்த அளவுக்கு அவருடைய சுதந்திரத்தை மதிக்கிறேன்."

நர்சிங் மாணவிகள் கைதட்டினார்கள். தலைவர் கோப்பைப் பிரித்தார்.

"நம்மிடம் ஒரு சகோதரி வந்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக். இவரை யாரும் தூண்டவில்லை என்று நம் ஆலோசகர் ஆராய்ந்து நிரூபித்திருக்கிறார். காரணமில்லாத தேர்வுக்குச் சான்றிதழ் கொடுக்க விதியில் இடமில்லை. ஆனால் கருணைக்கு இடம் உண்டு! காரணி இல்லாத இவரையே நாம் ஏன் காரணியாக வைத்துக்கொள்ளக் கூடாது? இன்றுமுதல் இவர் நம் வாரியத்தின் 'வாழும் காரணி'. இவரைப் பார்க்கும் பெண்கள் எல்லாம் தூண்டப்படுவார்கள். விண்ணப்பத்தில் இருபத்துமூன்றாவது கட்டமாக இவர் சேர்க்கப்படுகிறார்!"

லிஃப்டக்கா எழுந்து நின்று, "ஐயா, என் லைசென்ஸ்?" என்று கேட்டாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. யாரோ அவள் கழுத்தில் மாலை போட்டார்கள். இன்னொருவர் போட்டோவுக்காக அவளை அரை அடி இடப்பக்கம் நகர்த்தினார்.

உரிமம் பரிசீலனையில் வைக்கப்பட்டது. உரிமம் இல்லாதவளை சைட்டுக்கு அனுப்ப முடியாது என்பதால், வாரியம் கேட்டதும் கம்பெனி நிம்மதியாக அவளை வாரியத்துக்கே அனுப்பிவைத்தது. "கௌரவம்மா இது" என்றார் சூப்பர்வைசர். அவள் இடத்துக்கு வேறொருவன் வந்திருந்தான். அவன் ஏன் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்திலேயே, அவளுக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டார்கள். மஞ்சள் ஹெல்மெட், இஸ்திரி போட்ட வேலையுடுப்பு. கையில் ஒரு பெரிய ஸ்பேனர் கொடுத்தார்கள், மரத்தில் செய்து வெள்ளி வர்ணம் பூசியது. உரிமம் இல்லாதவர் கையில் இரும்பு ஸ்பேனர் இருக்கக் கூடாதாம். வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். விண்ணப்பம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மேஜையில் ஒரு போன் இருந்தது, அதையும் அவள்தான் எடுக்க வேண்டும். தலைவரின் அறை பக்கத்தில் இருந்ததால் விருந்தாளிகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பதும் மெதுவாக அவள் வேலையாயிற்று. "மரபு மீறின பெண்மணி கையால டீ!" என்று தலைவர் விருந்தாளிகளிடம் சொல்வார். அவர்கள் தூண்டப்பட்டு இரண்டாவது கோப்பையும் குடிப்பார்கள்.

இதற்கு நடுவில் கதவு. மூடப் போகும், மூன்று விரல் இருக்கும்போது நிற்கும், யோசிக்கும், திறந்துகொள்ளும். நாற்காலியில் இருந்து எட்டடி தூரம். ஒருநாளைக்கு எத்தனை தடவை என்று முதல் வாரம் எண்ணினாள், பிறகு எண்ணவில்லை. காவலாளி டீ குடிக்கப் போன நேரத்தில் ஒருமுறை எழுந்து கயிறுவரை போனாள். உரிமம் பரிசீலனையில் இருக்கிறது, இந்த நேரத்தில் கை வைத்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்று எழுத்தரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். எத்தனையோ பேரை இருட்டுப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தவள், ஒரு சோடா மூடியை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. ஆனால் புன்னகைக்க வேண்டிய நேரம் அது.

மூன்றாம் மாதம் அவள் நகக்கண்களில் இருந்த கறுப்பு முழுக்கப் போய்விட்டது. அம்மா கையைப் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான் பொம்பளை கை மாதிரி இருக்கு" என்று சந்தோஷப்பட்டாள். கணவர் ஒருநாள் சாயங்காலம், "உங்கிட்ட அந்த எண்ணெய் வாசனையே இல்லையே" என்று மட்டும் கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமோ என்று உள்ளே போய்விட்டார்.

ஒருநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது பெண்களைத் தூண்டப்படுவதற்காக அழைத்து வந்தார்கள். வரிசையாக வந்து அவளைப் பார்த்தார்கள். "அக்கா, அந்த ஸ்பேனர் நிஜமா?" என்று ஒருத்தி கேட்டாள். மரம் என்று தெரிந்ததும் வரிசை கலைந்தது. டீச்சர் எல்லாரையும் அரங்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். காவலாளி அரங்கக் கதவைத் திறந்துவிடப் போனார்.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. பத்துப் பதினோரு வயசு இருக்கும். ஒரு பக்கத்துக் காலுறை கீழே இறங்கியிருந்தது. அவள் லிஃப்டக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு மூடப் போயிற்று, நின்றது, திறந்தது. அவள் தலையைச் சாய்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.

லிஃப்டக்கா எழுந்து நின்று, "தள்ளி நில்லு பாப்பா" என்றாள். அதுதான் அவளுக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட விதி.

பெண்ணின் காதில் விழவில்லை. குந்தி உட்கார்ந்து, தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, பள்ளத்தில் விட்டு நெம்பினாள்.

"தள்ளி நில்லு பாப்பா!" இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாகவே வந்தது.

சோடா மூடி துள்ளி வந்து தரையில் உருண்டது. பெண் பின்வாங்கினாள். கதவு மூடப் போயிற்று, மூன்று விரல் இடைவெளியில் நிற்கவில்லை, மூடிக்கொண்டது. உள்ளே ஒரு சத்தம். எண்கள் எரிய ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஏழாவது மாடியில் பொத்தானை அழுத்திவிட்டு, காத்திருந்து, பிறகு படியில் இறங்கிப் போயிருக்க வேண்டும். லிஃப்ட் அதை மறக்கவில்லை.

அந்தப் பெண் அண்ணாந்து எண்களைப் பார்த்தாள். அந்த முகம் லிஃப்டக்காவுக்குத் தெரிந்த முகம். சித்தி வீட்டில், பதினோரு வயதில், அவளுடைய முகத்தை அவளால் பார்க்க முடிந்திருக்காது. இப்போது பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

லிஃப்ட் திரும்பி வந்தபோது அதில் எழுத்தரம்மா இருந்தார், பயத்தில் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு. ஆலோசகர் லிஃப்டை நம்பாமல் படியில் ஓடி வந்தார். காவலாளி விசில் அடித்தார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உரிமமில்லாம பழுது பாத்திருக்கா" என்றார் ஆலோசகர். "அதுவும் மரபுசாராப் பழுது. பதினாலு பக்கம் எழுதணும். பெற்றோரைக் கூப்பிடுங்க, பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் போகட்டும். யாரும்மா உன்னைத் தூண்டினது?"

"யாரும் இல்ல."

"யார் சொல்லிச் செஞ்ச?"

"யாரும் சொல்லல. பாத்தேன். உள்ள ஏதோ மாட்டியிருந்துச்சு." அவள் ஹேர்பின்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அந்த அக்காகூட தள்ளி நில்லுன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல. இனிமே பாக்க மாட்டேன் சார்."

இனிமே பாக்க மாட்டேன் என்று அவள் சொன்னதை லிஃப்டக்காவால் தாங்க முடியவில்லை.

எழுத்தரம்மா மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவாக, "காரணி இருந்துட்டா அது குத்தத்துல வராது, சாதனையில வந்துடும். குழந்தையை விட்டுடுவாங்க. இருபத்திமூணாவது கட்டம் நீங்கதானே?" என்றார். குழந்தையின் பெயரில் ஒரு விண்ணப்பத்தை எடுத்து ஒன்பதாம் பக்கத்தில் பிரித்து வைத்தார்.

தன் விண்ணப்பத்தில் பொய்யாக ஒரு கட்டத்தை டிக் செய்திருந்தால் அன்றைக்கே உரிமம் கிடைத்திருக்கும். அவள் செய்யவில்லை. பிடித்திருந்தது, அது தன்னுடையது, அதை யாருக்கும் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை. இப்போது இந்தக் குழந்தையினுடையதை எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொள்ள வேண்டும். வேறு வழி தெரியவில்லை. பேனாவை எடுத்து இருபத்துமூன்றாவது கட்டத்தில் டிக் செய்து, கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஆலோசகர் தாளை வாங்கிப் பார்த்தார். கோபமெல்லாம் பறந்துவிட்டது. "பத்து வருஷத்துல முதல் தூண்டுதல்!" என்று கூவிக்கொண்டு தலைவரின் அறைக்குள் ஓடினார். தலைவர் வெளியே வந்து பெண்ணின் தலையைத் தடவினார். "பார்த்தாயா? இந்த அக்கா இல்லையென்றால் உனக்கு இது தோன்றியிருக்குமா?" என்று கேட்டார். பெண் லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் முதுகில் கிள்ளியதும், "தோணியிருக்காது சார்" என்றாள்.

பிறகு விதிப்படி மீதியையும் செய்தார்கள். உரிமம் இல்லாதவர் செய்த பழுதுநீக்கம் செல்லாது. முறையான அனுமதி வரும்வரை பழுது முன்பு இருந்தபடியே இருக்க வேண்டும். காவலாளி சோடா மூடியைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, பள்ளத்தில் வைத்துக் காலால் அழுத்தினார். கயிற்றைக் கட்டினார். பலகையை நேராக்கினார். கதவு மூடப் போயிற்று. மூன்று விரல் இருக்கும்போது நின்றது.

நாற்பது பெண்களும் வரிசையாக வெளியே போனார்கள். காலுறை இறங்கிய பெண் கடைசியில் போனாள். வாசலில் ஒரு நொடி நின்று திரும்பினாள். அவள் பார்க்க விரும்பியது லிஃப்டையா, லிஃப்டக்காவையா என்று தெரியவில்லை.

லிஃப்டக்கா தலையைக் குனிந்துகொண்டு, மேஜையில் அடுக்கியே இருந்த விண்ணப்பங்களை மறுபடி அடுக்கினாள். அவள் நிமிர்ந்து அந்தப் பெண்ணை ஒருமுறை பார்த்திருக்கலாம். ஆனால் பார்த்தால், அதையும் தூண்டுதல் என்று எழுதிக்கொள்வார்கள்.